டர்ஹாம் பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஒரு மாலை புல்ஸ் ஆட்டத்துக்குப் போய் வாருங்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில் பக்கம் வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் சில மாதங்கள் வீடு, ஆபீஸ், இந்தியக் கடை என்றே சுற்றிக்கொண்டிருப்போம். டர்ஹாம் நகருக்குள்ளேயே 1995இல் திறந்த புல்ஸ் பேஸ்பால் ஸ்டேடியம் இருக்கிறது. 'ஆட்டம் புரியாதே' என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த ஊர்க்காரர்களோடு இரண்டரை மணி நேரம் தோளோடு தோள் உட்கார இதைவிட எளிதான இடம் எனக்குத் தெரியவில்லை.

டர்ஹாம் புல்ஸ், டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணியின் டிரிபிள் ஏ அணி. அதாவது, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே. இன்று இங்கே ஆடும் பையனுக்கு நாளை மேலேயிருந்து அழைப்பு வரலாம். அதனால் ஒவ்வொருவரும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை சீசன். பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. டிக்கெட்டை போனில் முன்பே இறக்கி வையுங்கள். ஏப்ரல் இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ஜூலையில் நம்மூர்ப் புழுக்கம்தான்.

கிரிக்கெட் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பந்து தரையில் குத்தாமல் வரும். முன்னால் விரியும் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குள் அடித்தால்தான் கணக்கு. லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே ஃபவுல். உள்ளே அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும், நின்று யோசிக்க முடியாது. அடிக்கத் தோதான பந்தை விட்டுவிட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் ஆள் அவுட், மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணிக்கு மட்டை. இரண்டு அணியும் ஒரு முறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ், அப்படி ஒன்பது இன்னிங்ஸ். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

கூட்டத்துக்குள் விழும் பந்தைத் திருப்பி எறிய வேண்டாம், பிடித்தவருக்கே சொந்தம். நான் முதல் தடவை போனபோது, பக்கத்து சீட் பெரியவர் ஒரு ஃபவுல் பந்தைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் என் மகள் கையில் வைத்தார். வெள்ளைத் தோல், சிவப்புத் தையல், ஓரத்தில் மட்டை பட்ட கறுப்புத் தடம். அந்தப் பந்து இன்னும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. அன்று அவர்தான் எனக்கு ஸ்கோர்போர்டு படிக்கக் கற்றுக்கொடுத்தார். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள், ஆசையாகச் சொல்லித்தருவார்கள். பார்வையாளர்களுக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வலைக்கு மேலேயும் பந்து வரும், கைக்குழந்தையோடு போனால் பின்வரிசையில் உட்காருங்கள்.

சைவம் என்றால் பாப்கார்ன், பிரெட்சல், தோலோடு வறுத்த வேர்க்கடலை. பிரெஞ்சு ஃப்ரைஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து தொப்பியைக் கழற்றுங்கள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள், அப்போது நீங்களும் எழுந்துவிடுங்கள்.

இடப்பக்கம் 32 அடி உயர நீலச் சுவர், அதன் மேலே ஒரு பெரிய காளை. புல்ஸ் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தால் அதன் கண் சிவக்கும், வால் ஆடும், மூக்கிலிருந்து புகை வரும். குழந்தைகளை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி வையுங்கள்.