வளரும் வெல்டர்வெயிட் குத்துச்சண்டை வீரருக்கு அடுத்த எதிராளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வெல்டர்வெயிட் எனப்படும் 147 பவுண்டு எடைப் பிரிவில் தொடர்ந்து வென்றுவரும் இளம் வீரருக்கு எதிராளியைத் தேடும்போது, அந்த எதிராளியின் வெற்றிக் கணக்கைவிட, அவர் யாரிடம், எப்படித் தோற்றார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2014-இல் மேனி பாக்கியாவோவிடம் ஆறு முறை கீழே விழுந்தும் கிறிஸ் அல்ஜியெரி கடைசிச் சுற்றுவரை நின்றார். மறு ஆண்டு அமீர் கானுடனும் பன்னிரண்டு சுற்றுகளை நிறைவு செய்தார். அத்தகையவரை 2016 ஏப்ரலில் எரல் ஸ்பென்ஸ் ஐந்தாம் சுற்றிலேயே வீழ்த்தியபோது, ஸ்பென்ஸின் தரத்தை அளக்க வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. 2017 மே மாதம் கெல் புரூக்கின் சொந்த ஊரான ஷெஃபீல்டுக்கே சென்று, அவரிடமிருந்து ஐ.பி.எஃப். (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) உலகப் பட்டத்தை ஸ்பென்ஸ் கைப்பற்றினார்.

அடுத்து, உங்கள் வீரர் இதுவரை சந்திக்காத சோதனை எது என்று கண்டறியுங்கள். எல்லாரையும் விரைவில் வீழ்த்திவந்த ஜாரன் என்னிஸை 2023 ஜனவரியில் கரேன் சுகாட்ஜியான் நழுவி நழுவிப் பன்னிரண்டு சுற்றுகளுக்கு இழுத்தார். பார்ப்பதற்குச் சப்பென்றிருந்த அந்த ஆட்டம், என் கணிப்பில், இன்னொரு நாக் அவுட்டைவிடப் பயனுள்ளது. எதிராளி மேல் பிரிவான 154 பவுண்டிலிருந்து இறங்கி வருபவராயின், எடைக்குறைப்பால் சோர்ந்த எதிராளியை வெல்வதில் பெருமை குறைவு என்பதையும் கருதுங்கள்.