மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்

ஒரு படம் பார்த்து முடிக்கிறோம், அது பிடித்ததா இல்லையா என்று மனதில் தோன்றுவதற்குள்ளேயே கை போனை எடுத்து மற்றவர்கள் எத்தனை ஸ்டார் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறது, அதற்கப்புறம் நமக்கு என்ன தோன்றியது என்பது நமக்கே தெரியாது. 'நான் யார்' என்ற குழப்பம் இந்த மாதிரி சின்ன இடங்களில்தான் சேர்ந்துகொண்டே போகிறது என்று நினைக்கிறேன். சரிசெய்வதையும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்தவர் கருத்தைப் படிப்பதற்கு முன் உங்கள் கருத்தை ஒரே ஒரு வரி எழுதுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் போதாது, அது சத்தமில்லாமல் மாறிவிடும். 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சில கோடுகளைக் காட்டி, எந்தக் கோடு மாதிரிக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொல்ல, சோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதோ இப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. இது பலவீனமானவர்களின் கதை இல்லை, உங்களுக்கும் எனக்கும் நடப்பதுதான், அதனால் வெட்கப்படாமல் பேனாவை எடுங்கள்.

அப்புறம் ஒருநாள் தனியாக உட்கார்ந்து 'நான் யார்?' என்ற கேள்விக்கு 20 பதில்கள் எழுதிப் பாருங்கள். மன்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1954இல் வெளியிட்ட சோதனை இது. முதலில் வேலை, உறவு, மதம், ஊர் என்று வரும், அவை லட்சக்கணக்கானவர்களுக்கும் பொருந்தும். அதற்காக அடித்துவிடாதீர்கள், அவையும் நீங்கள்தான். பத்து, பன்னிரண்டு பதில்களுக்கு மேல் கை நின்றுவிடும், பலர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள்! 'பாராட்டினால் பயப்படுகிறவன்', 'யாரும் பார்க்காதபோது பாடுகிறவள்' போன்ற வரிகள் அந்தத் திணறலுக்குப் பிறகுதான் வருகின்றன, எனக்கு முக்கியமாகப் படுவதும் அவைதான். சில மாதம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள், எந்த வரி திரும்ப வந்தது என்று கவனியுங்கள்.

உங்களுக்குப் பிடித்த ஒரு வேலையை மட்டும் போட்டோ எடுத்து எங்கும் போடாமல் செய்யுங்கள். லைக் வராதபோதும் அதில் ஆசை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் ஒதுங்கி வாழச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஷின் சோதனையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, பக்கத்தில் இருந்தவருக்கும் தன் கண்ணை நம்பும் தைரியம் வந்தது. அப்படி ஒருவரைத் தேடிவையுங்கள், உங்கள் கருத்தை எழுதிவிட்டு அவருடையதைக் கேளுங்கள். அவர் உங்களோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம்கூட இல்லை. கூட்டத்திலிருந்து விலகியவர் வேறொரு தவறான விடையைச் சொன்னபோதும் சோதிக்கப்பட்டவருடைய தவறுகள் குறைந்தன.