பெர்மிட் காணிச் சட்டத்தின் பழைய வாசகத்தை இணையத்தில் தேடும் முறை

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் எங்கள் அப்பப்பாவுக்கு அரசிடமிருந்து பெர்மிட்டில் கிடைத்த வயற்காணியின் அனுமதிப்பத்திரம், அத்தனை இடப்பெயர்வுகளிலும் அம்மாவின் பொலித்தீன் பைக்குள் இருந்தே தப்பியது. மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தாலும், 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் என்ற வரியை வாசிக்க முடிந்தது. அந்த இலக்கத்தையும் ஆண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சட்ட நூலகம் இலங்கைக்கெனத் தொகுத்துள்ள இணைய வழிகாட்டியைத் திறவுங்கள். எது எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதை அது காட்டும். அங்கு செல்வதே பொதுத் தேடுபொறியில் அலைவதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. சட்டங்களையும் தீர்ப்புகளையும் கட்டணமின்றி வாசிக்க, பொதுநலவாய சட்டத் தகவல் நிறுவகத்தின் தளத்தையே நான் பயன்படுத்துகிறேன்.

நான் பல வாரங்கள் இடறி நின்றது இதற்குப் பிறகுதான். அப்பப்பா 1987 இல், பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவர், எவரையும் பெயர் குறிக்காமல் காலமானார். அப்பம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். இத்தகைய நிலையில் காணி யாரைச் சேரும் என்பதை அக்கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்கிறது. நான் வாசித்துக் குறிப்பெடுத்ததோ 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்க்கப்பட்ட வாசகம். அத்திருத்தத்துக்கு முந்திய அட்டவணையில் மகன்மாருக்குப் பின்னரே மகள்மார் வருகிறார்கள். என் அத்தைமாரின் உரிமை முழுவதும் அந்த வரிசையில்தான் தங்கியிருந்தது. ஆகவே, மூலச் சட்டத்தை எடுத்து, 1981 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் முதலான திருத்தங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, இறந்த திகதியில் நடைமுறையிலிருந்த வாசகம் எது என்று ஒவ்வொரு பிரிவாகப் பாருங்கள்.

பின்சேர்க்கை: தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இதற்குப் பொருந்தாதா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தார்கள். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட தேசவழமை, வட மாகாணத் தமிழரின் உறுதிக் காணிகளுக்கு, அதாவது உறுதி எழுதிய தனியார் காணிகளுக்கு, உரியது. பெர்மிட் காணியின் பின்னுரித்தை மேற்சொன்ன கட்டளைச் சட்டமே தீர்மானிக்கும். தேசவழமையைத் தேடுபவர்கள் ஆங்கிலத்தில் 'வ' ஒலிக்கு 'வி', 'டபிள்யூ' ஆகிய இரண்டு எழுத்துகளையும் இட்டுப் பாருங்கள்.

அண்மைய சட்டங்களின் தமிழ்ப் பிரதி அரச அச்சகத் திணைக்களத் தளத்தில் உண்டு. எனினும் முரண்பாடு ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்று அச்சட்டங்களிலேயே எழுதியிருப்பதால், பிரதேச செயலகத்துக்குப் போகும்போது இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.