ஆடுசதையில் குரக்களி பிடித்தால்

நடு ராத்திரியில் ஆடுசதை கல்லாக இறுகினால் முதலில் அமுக்கத் தோன்றும். அதற்கு முன் நீட்ட வேண்டும். முழங்காலை நேராக வைத்து, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கை எட்டாவிட்டால் முன்பாதத்தில் துண்டைச் சுற்றி இழுக்கலாம். இறுக்கம் விடும்வரை அப்படியே இருங்கள். வெடுக்கென்று இழுத்தால் தசை அனிச்சையாகத் திருப்பிச் சுருங்கும்.

முழங்கால் ஏன் மடங்கக் கூடாது? ஆடுசதையில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே புடைத்துத் தெரிவது முழங்காலுக்கு மேல், தொடை எலும்பில் தொடங்குகிறது. அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழே. இரண்டும் ஒரே தசைநாணாகிக் குதிகால் எலும்பில் சேர்கின்றன. முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்துவிடும், எவ்வளவு இழுத்தாலும் அதற்கு நீட்சி போதாது.

படுக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஏற்கெனவே குறுகிய தசை மேலும் சுருங்கினால் பிடித்துக்கொள்ளும். அதனால் பாதத்தைக் கீழே அழுத்தும்படி காலடியில் போர்வையை இறுக்கிச் செருகாதீர்கள். தூங்கப்போகுமுன் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து 30 விநாடி நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை. பிறகு பின்காலின் முழங்காலைச் சற்று மடக்கி அதையே செய்தால் அடித்தசையும் நீளும்.

பிடிப்பு விட்டபின் மிச்ச வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலி விடாமல் இருந்தால் தேய்க்கவே வேண்டாம். இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.