பக்கத்துக் கடையைத் தேடினால் ஈப்போ வருகிறதா?

பினாங்கில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இது: நாசி கண்டார் (சோறும் கறியும் விற்கும்) கடைகளை மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் ஏற்றி, பக்கத்தில் எது என்று தேடுவது. அதில் அவர்கள் வழுக்கும் இடங்களைச் சொல்கிறேன். எழுத்துப்பிழை மாதிரிச் சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவற்றைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும்.

எண்களை மாற்றிப் போடுவது

கூகுள் மேப்பில் பினாங்கின் கொம்தார் கோபுரம் 5.41, 100.33. அட்சரேகை முதலில். மோங்கோடிபியில் இடத்தை எழுதும் ஜியோஜேசன் வடிவத்திலோ தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். பையன்கள் அப்படியே காப்பி செய்து ஒட்டுவார்கள். அட்சரேகை 90-ஐத் தாண்டாது என்பதால், பூமியை உருண்டையாகக் கணக்கிடும் 2டிஸ்பியர் இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) ஏற்க மறுத்துவிடும். அதுவரை நல்லதுதான்.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த காரியத்தில். பிழைச்செய்தி போனால் போதும் என்று தட்டையான தாளில் போலக் கணக்கிடும் பழைய 2டி இன்டெக்ஸுக்கு மாறுகிறார்கள். அதில் இரண்டு எண்ணுக்குமே −180 முதல் 180 வரை இடம் உண்டு. சேமித்ததும் தேடுவதும் ஒரே மாதிரி தலைகீழாக இருப்பதால் பக்கத்துக் கடையும் சரியாகவே வரும். பிறகு ஒரு தம்பி, 2 கிலோமீட்டருக்குள் தேட 2 என்று போட்டான். தைப்பிங், ஈப்போ கடைகளெல்லாம் வரிசையில் வந்தன! அங்கே 2 என்றால் 2 டிகிரி. ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அவன் என்ன செய்தான்? 2-ஐ 111-ஆல் வகுத்து 0.018 என்று திருத்திவிட்டு, தலைகீழ் எண்களை அப்படியே விட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இதே பழக்கத்தோடு சென்னைக் கடைகளை ஏற்றினால் இன்னும் மோசம். 13.08, 80.27 என்று தலைகீழாகக் கொடுத்தாலும் 80 என்பது 90-க்குள் இருப்பதால் 2டிஸ்பியரும் முனகாது. கடை நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். தெற்கு வடக்குத் தூரம் அங்கே கிழக்கு மேற்காக மாறிவிடும். அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கிக் கிடப்பதால், தெற்கே 12 கிலோமீட்டரில் இருக்கிற கடை 2 கிலோமீட்டரில் இருப்பதாகப் பதில் வரும். முடிவு வருகிறது, பிழைச்செய்தி இல்லை, யாருக்கும் சந்தேகமும் வராது.

2டிஸ்பியர் இன்டெக்ஸை முதலில் போடுங்கள், டேட்டாவை அப்புறம் ஏற்றுங்கள். ஆனால் சென்னைக்கு அது மட்டும் போதாது. ஏற்றியதும் ஒரு கடையை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

சென்டர்ஸ்பியர்

ஒரு வட்டத்துக்குள் தேடும் கட்டளை இது. ஆரம் ரேடியன் என்ற கோண அளவில். கிலோமீட்டரை பூமியின் ஆரமான 6378.1-ஆல் வகுக்கவும்.

பலகோணம்

ஒரு பகுதியைப் பலகோணமாக வரைந்து தேடினால், தொடங்கிய புள்ளியிலேயே முடியுங்கள்.

ஜியோநியர்

தூரத்தோடு வரிசைப்படுத்தித் தரும் கட்டளை இது. பைப்லைனில் (அடுத்தடுத்த படிகளின் தொடரில்) முதல் ஸ்டேஜ். வேறெங்கும் இல்லை.

பட்டர்வொர்த்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் நின்று தேடினால் எதிரே பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த் கடையும் வரும். கணக்கு நேர்கோட்டுத் தூரம்தான், நடுவில் கடல் இருப்பது அதற்குத் தெரியாது. கடை தீவிலா பெருநிலத்திலா என்று தனிப் புலம் (ஃபீல்டு) வைத்து, தேடும்போது அதையும் சேருங்கள்.