5,000 ரூபாயில் ஆன்லைன் வியாபாரம்: மும்பையிலிருந்து தாம்பூலப் பை விற்கும் முறை

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் அக்கா தையல் மிஷின் வைத்திருக்கிறார். கல்யாணம், வளைகாப்பு, கிருகப்பிரவேசத்துக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைகளைத் தைத்து ஆன்லைனில் விற்கலாம் என்று இருவரும் இறங்கினோம். கையிலிருந்தது 5,000 ரூபாய். இப்போது முகூர்த்த மாதங்களில் ஆர்டர் நிற்காமல் வருகிறது. சயான், செம்பூர் பக்கத்துப் பெண்கள் பலர் வழி கேட்கிறார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைக்கவும் வாட்ஸப் பார்க்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே பொருள்

பர்ஸ், தலையணை உறை, லஞ்ச் பை என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். ஒரே பொருள், இரண்டு அளவு, நாலு நிறம் போதும். பெரிய பையில் மிஞ்சும் துணியில் சின்னப் பை வந்துவிடும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் காட்டன் எடுங்கள், 3,000 ரூபாயைத் தாண்டாதீர்கள். அப்துல் ரஹ்மான் தெருவில் பேக்கிங் சாமானுக்கு 500. மீதியைத் தொடவே கூடாது, பார்சல் செலவு முதலில் நம் கையிலிருந்துதான் போகும். நிறத்துக்கு ஒரு சாம்பிள் தைத்தால் போதும். பாதிப் பணம் அட்வான்ஸாக வந்த பிறகே ஆர்டருக்குத் துணி வெட்டுங்கள்.

படி 2: போட்டோ

காலை ஜன்னல் வெளிச்சம், பின்னால் ஒரு வெள்ளை சார்ட் பேப்பர், ஃபிளாஷ் இல்லாமல். வெறும் பையை எடுக்காதீர்கள். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், மடித்த ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் பக்கத்தில் பரப்பி ஒரு படம், அதையே உள்ளே போட்டு ஒரு படம். “10க்கு 12 அங்குலம்” என்று எழுதினால் யாருக்கும் கண்ணில் நிற்காது. தேங்காய் உள்ளே போய், மேலே கைப்பிடி தொங்காமல் நிற்பதைப் பார்த்தால்தான் ஆர்டர் வருகிறது.

படி 3: கடையும் பணமும்

வெப்சைட் இப்போது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாட்ஸப் பிசினஸ் இலவசம், கேட்டலாகில் 500 பொருள் வரை போடலாம். அதற்குத் தனி சிம் வாங்குங்கள், வீட்டு நம்பரைக் கொடுத்தால் ராத்திரி 11 மணிக்கும் போன் வரும். பணத்துக்கு யு.பி.ஐ. க்யூஆர். கார்டு பணத்தையெல்லாம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவை வைத்தால் சுமார் 2 சதவீதம் போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பணம் வாங்க நாம் பின் நம்பர் போட வேண்டியதில்லை. “க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள், அட்வான்ஸ் வந்துவிடும்” என்று யார் சொன்னாலும் உடனே பிளாக் செய்யுங்கள்.

படி 4: ஜி.எஸ்.டி.

எங்களை வெகுநாள் நிறுத்தி வைத்த படி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

மும்பைத் தமிழருக்கு முதல் வாடிக்கையாளர் யார்? ஊரில் இருக்கும் சொந்தக்காரர்தான். எங்களுக்கும் முதல் பெரிய ஆர்டர் மதுரையிலிருந்துதான் வந்தது, 200 பை. ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் அது மகாராஷ்டிராவுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு. இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு பை விற்றாலும் மாநிலம் தாண்டிய விற்பனை ஆகிவிடும். அதற்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பெரிய ஆன்லைன் தளங்களிலும் இதே கதைதான். 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. இல்லாதவரும் எண்ரோல்மென்ட் எண் வாங்கி அங்கே விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

அதனால் முதல் சில மாதம் மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி, புனே என்று மாநிலத்துக்குள்ளேயே விற்றுப் பழகுங்கள். இங்கே தமிழ்க் கல்யாணங்களுக்குப் பஞ்சமில்லை. கை ஓடத் தொடங்கியதும் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், பேங்க் விவரம், இடத்துக்கான ஆதாரம் வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் சிக்குவது இந்தக் கடைசியில்தான். லைட் பில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். வாடகை ஒப்பந்தமோ, அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமோ இல்லாமல் விண்ணப்பம் நகராது. அவரிடம் முன்கூட்டியே பேசி, கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விண்ணப்பத்தைத் திறங்கள்.

பதிவு கிடைத்த பின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன், அதாவது விற்பனைக் கணக்கு, போட வேண்டும். மறந்தால் நில் ரிட்டர்னுக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். 5 கோடிக்குக் கீழே விற்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம், எங்களுக்கு அதுதான் வசதி. சின்ன வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் சுலபம் என்பார்கள். அதில் சேர்ந்தால் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது, ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு உதவாது.

படி 5: மற்ற காகிதங்கள்

உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இலவசம். தேடினால் முதலில் வருவது காசு கேட்கும் தரகர் தளங்களாக இருக்கும், ஜிஓவி.இன் என்று முடியும் தளத்தில் மட்டும் செய்யுங்கள். குமாஸ்தா லைசென்ஸ் என்று இங்கே சொல்லும் கடைப் பதிவு, சில பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன இடத்துக்கு ஆன்லைனில் கொடுக்கும் அறிவிப்புதான். கரண்ட் அக்கவுன்ட் திறக்கப் போனால் அதைக் கேட்பார்கள்.

படி 6: பார்சல்

கூரியரில் தராசு காட்டும் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள், இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. 40க்கு 30க்கு 25 பெட்டி என்றால் 6 கிலோ. உள்ளே 3 கிலோ பைதான் இருந்தாலும் 6 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதனால் பெட்டியே வேண்டாம். பைகளை இஸ்திரி போட்டு, 25 25 ஆக அடுக்கி, கனமான பலகையை ஒரு ராத்திரி மேலே வைத்து அழுத்தி, நூலால் இறுக்கிக் கட்டி பாலித்தீன் உறையில் போடுங்கள். சின்ன ஆர்டருக்கு எனக்கு ஸ்பீட் போஸ்ட்தான் பிடிக்கும், கிராமம் வரை போய்ச் சேருகிறது.

பின்சேர்க்கை: கையால் எம்பிராய்டரி போட்ட பைகளுக்கும் ஜி.எஸ்.டி. வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். அரசு பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை, வெளிமாநிலத்துக்கு விற்றாலும் பதிவு தேவையில்லை. பான் வேண்டும், சரக்கு அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் போட வேண்டும். முழுக்க மிஷினில் தைத்த எங்கள் பையை அதில் சேர்க்கவில்லை. உங்கள் பொருள் சேருமா என்று ஒரு வரி ஆலோசகரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு சகோதரி ஆன்லைன் டியூஷன் பற்றிக் கேட்டார். அது சேவை. வேறு மாநிலப் பிள்ளைகளுக்கு எடுத்தாலும் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு வேண்டாம், நீங்கள் படி 3லிருந்தே தொடங்கலாம்.