வசூல் 98 சதவீதம், வறுமை அப்படியே: சிறுகடன் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராம வளர்ச்சிக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம் சிறுகடன் கொடுக்க ஆரம்பித்தால், ஆண்டறிக்கையில் முதலில் வந்து உட்காரும் எண் வசூல் சதவீதம்தான். 98 சதவீதம் வசூலாகிவிட்டது, ஆகவே திட்டம் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். பெரிய தவறு இதுதான். ஆட்டை விற்றுத் தவணை கட்டியிருக்கலாம், வேறு இடத்தில் கடன் வாங்கி இந்தக் கடனை அடைத்திருக்கலாம், வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்திருக்கலாம். வசூல் பதிவேட்டில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆந்திரப் பிரதேசத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. வசூலும் அமோகமாக இருந்தது. கடன் தொல்லையால் தற்கொலைகள் என்ற செய்திகள் பெருகியதும், 2010 அக்டோபரில் மாநில அரசு கடன் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் வசூல் சரிந்தே போனது. அதனால் கடன் கொடுக்கும் முன்பே அந்த வீட்டின் மொத்தக் கடனையும் கேட்டுக் கணக்குப் போட வேண்டும். ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வரம்பு வைத்தது. தொண்டு நிறுவனத்துக்கு அந்தப் பாதியே அதிகம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, ஏழைகள் எல்லோருமே தொழில் தொடங்கக் காத்திருக்கிறார்கள், முதல்தான் இல்லை என்ற நம்பிக்கை. 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய சிறுகடன் முயற்சி கிராமீன் வங்கியாக வளர்ந்து 2006-இல் நோபல் அமைதிப் பரிசு வரை போனதும், இந்த நம்பிக்கை வேகமாகப் பரவியது. ஆனால் இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, எத்தியோப்பியா உட்பட ஆறு நாடுகளில் செய்து 2015-இல் வெளியான ஆய்வுகளில் அவ்வளவு பெரிய மாற்றம் தென்படவில்லை. சிலர் ஏற்கெனவே இருந்த தொழிலைப் பெரிதாக்கினார்கள். சராசரிக் குடும்ப வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை. கடனே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பரம ஏழைக்கு முதலில் தேவைப்படுவது கடன் இல்லை. வங்கதேசத்தின் பிராக் தொண்டு அமைப்பு 2002-இல் தொடங்கிய திட்டத்தில் ஆடு, மாடு போன்ற சொத்து, சில காலத்துக்குச் செலவுத் தொகை, பயிற்சி, அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்க்கும் பணியாளர் என்று எல்லாம் சேர்ந்து வரும். இதே முறையை வேறு ஆறு நாடுகளில் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. செலவு அதிகம்தான். நன்கொடைப் பணம் இருப்பதே இதற்குத்தானே?

தவணையிலும் தவறு நடக்கிறது. அறுவடைக்கு மட்டும் காசு பார்க்கும் குடும்பத்திடம் முதல் வாரத்திலிருந்தே வாரத் தவணை கேட்டால், அவர்கள் கடன் பணத்தில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே எடுத்து வைத்துவிடுவார்கள். கொல்கத்தாவில் ஒரு சோதனையில் முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்தார்கள், பிற்பாடு லாபமும் கூடியது. கட்டாமல் போனவர்களும் கூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இழப்பை முன்கூட்டியே பட்ஜெட்டில் ஒதுக்கிவைத்துத் தாங்குவது லாப நிறுவனத்துக்குக் கஷ்டம், தொண்டு நிறுவனத்தால் முடியும்.

வட்டியைச் சொல்லும் விதமும் நேர்மையாக இருக்க வேண்டும். ‘ஃபிளாட் 12 சதவீதம்’ என்றால் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்தாலும், முழுத் தொகைக்கே வட்டி போடுகிறார்கள். பன்னிரண்டு மாதக் கடனில் அது உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், களப்பணியாளருக்கு வசூல் இலக்கு வைத்து ஊக்கத்தொகை கொடுப்பது. கட்ட முடியாத பெண்ணின் வீட்டு வாசலில் அவரோடு கடன் வாங்கிய குழுவையே உட்கார வைக்கும் பழக்கம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஊக்கத்தொகை வேண்டுமானால் சேமிப்பு கூடியதற்குக் கொடுக்கலாம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் நிலுவை ரத்து என்பதையும் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.